வெள்ளிக்கு எத்தனை காசு?

பெர்னாம் நதிக்கரையில், ஒரு பக்கம் மீன்பிடிப் படகுகளும் மறுபக்கம் தென்னையும் செம்பனையுமாக அமைந்த ஹுத்தான் மெலிந்தாங்கில், காலைச் சந்தையில் தேங்காய் விற்கும் ஒரு மூதாட்டியின் எதிரே ஐந்து நிமிஷம் நின்று பார்ப்பவர், வயது வந்தோருக்குக் கணக்கு ஏறாது என்னும் அபிப்பிராயத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவார். ஒரு காய் 2 வெள்ளி 30 காசு. ஏழு காய் கேட்டால், ‘ஐந்துக்குப் பதினொன்றரை, இரண்டுக்கு நாலு அறுபது, ஆகப் பதினாறு பத்து’ என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, நாம் நீட்டும் 20 வெள்ளி நோட்டுக்கு முதலில் 90 காசை வைத்துப் ‘பதினேழு’ என்றும், அதன்மேல் மூன்று ஒற்றை நோட்டுகளை வைத்து ‘இருபது’ என்றும் முடித்துவிடுவார். கழித்தலைக் கூட்டலாலேயே சாதிக்கும் இந்த அம்மாள், கடன் பத்திரத்தில் 8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினால் மட்டும், “எனக்கென்னப்பா தெரியும், பையன் வரட்டும்” என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

இது நம் ஊருக்கு மாத்திரம் உரிய விசித்திரமன்று. பிரேசில் தேசத்து ரெசிஃபே நகரில் தெருவோரம் வியாபாரம் செய்த சிறுவர்களை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, வியாபாரத்தின்போது நூற்றுக்கு 98 கணக்குகளைச் சரியாகப் போட்ட அப்பிள்ளைகள், அதே விதமான கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் தந்தபோது 37-க்கு இறங்கிவிட்டார்கள் என்று காட்டிற்று. அவர்களிலும் ஒருவன் தேங்காய் வியாபாரிதான்.

வாய்க்கணக்கு நமக்குப் பூர்வீக சொத்து. 320-இல் ஒரு பங்காகிய முந்திரி வரையில் பின்னங்களை எண்சுவடியில் உருப்போட்ட திண்ணைப் பள்ளிகள் இருந்த நாட்டிலிருந்துதான் நம் முன்னோர் கப்பலேறினர். ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு என்பது கிராணியின் உத்தியோகமாகிவிட்டது. வெட்டிய பாலை ஸ்டோருக்குச் சுமந்து சென்று நிறுத்த பிறகு, மெட்ரோலாக் என்னும் மிதவையைப் பாலில் விட்டு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கிராணி பார்த்துச் சொன்னதே எடை, எழுதியதே கூலி. வாளியின் கனத்தைத் தோள் அறியும். புத்தகத்தில் ஏறிய எண்ணை அத்தோளுக்கு உரியவர் வாசித்ததில்லை. எழுதிய கணக்கைக் கண்டவுடன் இன்றும் நம்மில் பலருக்கு உண்டாகும் கூச்சம் அந்தக் காலத்தின் மிச்சம் என்றே நான் கருதுகிறேன்.

ஆகையால், முதியவர்களை உட்காரவைத்துப் பள்ளிக்கூட நீள்வகுத்தலிலிருந்து ஆரம்பிப்பது பிரயோஜனமற்றது; மரியாதையும் ஆகாது. அவர்களுக்கு வேண்டியது ஒரு பாலம். அதுவோ நம் நாணயத்திலேயே இருக்கிறது. சதவீதம் என்பது வெள்ளிக்கு இத்தனை காசு என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. 60 வயதுக்கு உட்பட்ட நம் நாட்டுத் தொழிலாளியிடம் ஊழியர் சேமநிதிக்குப் பிடிக்கும் 11 சதவீதம், வெள்ளிக்கு 11 காசு. 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 வெள்ளிக்கு, பத்துக் காசு வீதம் 170, ஒரு காசு வீதம் 17, ஆக 187 வெள்ளி. தேங்காய்க்காரி செய்ததும் இதே வித்தைதான்.

சற்றுச் சிக்கலானது கடன் வட்டி. 10,000 வெள்ளியை ஐந்தாண்டுத் தவணையில், முழு முதலுக்கும் மாறாத 8 சதவீத வட்டியில் ஒருவர் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 800 வீதம் 4,000 வட்டி, மொத்தம் 14,000. இரண்டரை வருஷத்தில் பாதித் தவணையைக் கட்டித் தீர்த்த பிறகும், அவரிடம் இல்லாத பணத்துக்குமாகச் சேர்த்து 10,000-க்கே வட்டி ஓடுகிறது. அதே 4,000-ஐக் குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் உரிய வட்டியாகக் கணக்கிட்டால் வீதம் 14 சதவீதத்துக்கும் சற்று மேலே போகும்.

இந்த சூக்ஷ்மம் பெண்களுக்குப் புதிதே அன்று. பத்துப் பேர் மாதம் 100 வெள்ளி போடும் கூட்டில், அவசரத்துக்கு முதல் மாதமே எடுப்பவள் 850-ஐப் பெற்றுக்கொண்டு 150-ஐக் கழிவாக விடுவதும், கடைசிவரை பொறுத்தவள் முழுத் தொகையை வாங்குவதும், காத்திருந்த காலத்துக்கும் விலையுண்டு என்று அவர்கள் அறிந்திருப்பதால்தானே? 1971-ஆம் வருஷத்துச் சட்டம் கூட்டைத் தடை செய்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் ‘கூட்டு’ என்ற சொல் ஏறி உட்கார்ந்திருப்பது ஒரு வேடிக்கை. கூட்டு பிடிப்பதை நான் சிபாரிசு செய்யவில்லை. அதை நடத்தும் புத்தி கடன் பத்திரத்தையும் வாசிக்கப் போதும் என்கிறேன்.

கோயில் மண்டபத்திலோ தமிழ்ப் பள்ளியிலோ வாரம் ஒரு மாலை விளக்கேற்றி, பாடப் புத்தகம் வேண்டாம், அவரவர் சம்பளச் சீட்டையும் தவணைப் பத்திரத்தையும் கொண்டு வாருங்கள் என்று அழைக்க நம் சங்கங்கள் முன்வர வேண்டும். அதுவரையில், இம்மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும், சேமநிதி வரிசையில் உள்ள தொகை ஏறக்குறைய வெள்ளிக்கு 11 காசு வீதம் இருக்கிறதா என்று, பையனைக் கூப்பிடாமல், தாங்களே ஒரு முறை வாய்விட்டுக் கூட்டிப் பாருங்கள்.