குப்பைக்குப் போகும் பதிவுகள்

பலேர்மோ துறைமுக நகரில் ஈழத்தமிழர் குடியேறி ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. புலம்பெயர்ந்தோர் முன்னாட்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த விழா அழைப்பிதழ்களும் ஊர்ச்சங்கப் பதிவுகளும், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவடைந்ததால், பழைய கணினியை எறிய எண்ணுவோர் பலர். அதனோடு அப்பதிவுகளும் போய்விடும்.

திறமூல மென்பொருளான லினக்ஸ் அதே கணினியில் கட்டணமின்றி இயங்கும். லிப்ரே ஒபிஸ் தமிழ் இடைமுகத்துடனேயே கிடைக்கின்றது. இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சே 2015 இல் அதற்கு மாறுவதாக அறிவித்தது. இராணுவத்திற்குப் போதுமானது ஊர்ச்சங்கத்திற்குப் போதாதா? பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளும் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. வேண்டியது, எறியுமுன் வன்தட்டைத் திறந்து பார்க்க ஒரு விடுமுறை நாள் மட்டுமே.