பொழுது சாயும்முன் கணக்கை முடித்தல்

எதிர்கால ஒப்பந்தங்களில் நாள்வணிகம் செய்வோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. கையிலுள்ள ஒப்பந்தத்தை எந்நேரத்திற்குள் முடித்துக்கொண்டால் இரவு மார்ஜின் கட்டாமல் தப்பலாம் என்பதே அது. சிகாகோவிலும் மும்பையிலும் கேட்கப்பட்டு வந்த இந்தக் கேள்வி அண்மைக் காலமாக அட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் என்னிடம் வருகிறது. கேட்பவர்கள் தோட்டத்து லயங்களில் பிறந்து உயர்தரம்வரை படித்த இளைஞர்கள். சிலர் கொழும்பிலும் சிலர் வளைகுடாவிலும் வேலை பார்க்கிறார்கள். கையில் ஒரு தொலைபேசி இருந்தால் போதும், உலகச் சந்தை உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது.

கேள்விக்கு நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிகாகோ சந்தையின் பங்குக் குறியீட்டு ஒப்பந்தங்களுக்கு, அந்நகர நேரப்படி பிற்பகல் 4 மணிக்கு ஒரு நாள் முடிகிறது. ஒரு மணி நேர இடைவெளிக்குப் பின் அடுத்த நாள் தொடங்குகிறது. அமெரிக்காவில் கோடைகால நேரம் நடப்பிலிருக்கும்போது அந்த 4 மணி நமக்கு விடியற்காலை 2.30, ஏனைய மாதங்களில் 3.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. தரகு நிறுவனங்கள் சந்தை மூடும்வரை பொறுப்பதில்லை. சில நிமிடங்கள் முன்னதாகவோ ஒரு மணி நேரம் முன்னதாகவோ, தத்தம் விதிப்படி, பகல் சலுகையை நீக்கி முழு மார்ஜினைக் கேட்கும். அது கணக்கில் இல்லையென்றால் ஒப்பந்தத்தைத் தாமே விற்றுத் தீர்த்து அதற்கொரு கட்டணமும் அறவிடும். ஆகவே உங்கள் தரகரின் நேரத்தை எழுத்தில் அறிந்துகொண்டு, அதற்கு அரைமணி நேரம் முன்பாகவாவது உங்கள் கையாலேயே முடித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வணிகம் நமக்குச் சனி விடியற்காலையில் முடிந்தால், திங்கள் விடியற்காலைவரை கதவு திறக்காது என்பதையும் மறக்கலாகாது.

விடை இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது என்பது என் கருத்து.

பகல் மார்ஜினுக்கும் இரவு மார்ஜினுக்கும் ஏன் இத்தனை வேறுபாடு என்று பாருங்கள். எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் 'இ-மினி' ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். குறியீட்டின் ஒரு புள்ளிக்கு 50 டொலர் என்பது கணக்கு. குறியீடு 6,000 புள்ளிகளில் நிற்கும்போது ஓர் ஒப்பந்தத்தின் பெறுமதி 3 இலட்சம் டொலர். 2025இல் இதனை இரவு தாண்டி வைத்திருக்க இருபதாயிரம் டொலருக்கு மேல் ஈடு தேவைப்பட்டது. பகலில் மட்டும் வைத்திருக்க, வெறும் 500 டொலர் போதும் எனச் சில தரகு நிறுவனங்கள் அழைக்கின்றன. இதைப் பலர் தமக்குக் கிடைத்த சலுகையாகக் கருதுகிறார்கள். உண்மையில் அது தரகர் தம்மீது வைத்திருக்கும் நம்பிக்கை. பகலில் சந்தை இறங்கினால் உங்களை நொடியில் விற்றுத் தள்ளித் தம் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்று அவர் நம்புகிறார். அதனால்தான் குறைவாகக் கேட்கிறார்.

500 டொலர் எத்தனை புள்ளிகளைத் தாங்கும்? பத்துப் புள்ளிகளை. 6,000 புள்ளிகளில் பத்து என்பது ஒரு சதவீதத்தில் ஆறில் ஒரு பங்கு. சந்தை சற்றே மூச்சுவிட்டால் போதும், முதல் கரைந்துவிடும். அந்த ஒப்பந்தத்தின் மிகச் சிறிய அசைவு கால் புள்ளி. அதன் மதிப்பு 12.50 டொலர். டொலர் ஒன்று 300 ரூபாய் எனக் கொண்டால் 3,750 ரூபாய். தோட்டத் தொழிலாளிக்கு 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். திரையில் ஓர் எண் ஒருமுறை சிமிட்டும் நேரத்தில், மலைச்சரிவில் ஒரு தாய் இரண்டரை நாளுக்கு மேல் கொழுந்து பறித்துப் பெற்ற அடிப்படைச் சம்பளம் போய்விடலாம். பத்தில் ஒரு பங்கு அளவான 'மைக்ரோ' ஒப்பந்தத்திலும் ஒரு சிமிட்டலுக்கு 375 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே எந்நேரம் முடிப்பது என்ற கேள்விக்குப் போக வேண்டும்.

இரவின் ஆபத்து வேறு வகைப்பட்டது. கதவு மூடியிருக்கும்போது செய்தி வந்தால் நாம் எதுவும் செய்ய இயலாது. இதற்கு நாம் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அரசு அறிவித்தது. புத்தாண்டு விடுமுறைக்குப் பின் 18ஆம் திகதி திறக்கவேண்டிய கொழும்புப் பங்குச் சந்தையை, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு ஐந்து வர்த்தக நாள்களுக்கு மூடிவைத்தது. 25ஆம் திகதி திறந்ததும் முக்கியக் குறியீடு பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்து வணிகம் மீண்டும் நிறுத்தப்பட்டது. கையில் பங்கு வைத்திருந்தவர்கள் அத்தனை நாளும் வெறுங்கையுடன் காத்திருந்தார்கள். கடனில் வாங்கியிருந்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

உலகச் சந்தையிலும் இதற்குச் சான்றுண்டு. 2020 ஏப்ரல் 20ஆம் திகதி அமெரிக்க மசகெண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மறை 37.63 டொலரில் முடிந்தது. வாங்கியவன் பொருளையும் கொடுத்துப் பணமும் கொடுக்க வேண்டிய நிலை. போட்ட பணத்துக்கு மேல் இழக்க முடியாது என்று எண்ணியிருந்தோர் அன்று கடனாளியாயினர்.

அப்படியானால் மாலையில் முடித்துவிட்டால் பாதுகாப்புத்தானே என்று கேட்கலாம். அதுவும் முழு உண்மையன்று. இந்தியாவில் பிற்பகல் 3.30க்குச் சந்தை மூடுமுன்பே தரகர்கள் நாள்வணிக ஒப்பந்தங்களைத் தாமாகவே முடித்துவிடுகிறார்கள். ஆனாலும் அந்நாட்டின் கண்காணிப்பு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்லிற்று? 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தையின் எதிர்கால, விருப்புரிமை ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தனர். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இரவைத் தவிர்ப்பது ஓர் ஆபத்தை மட்டுமே தவிர்க்கும். அளவுக்கு மீறிய கடன்பலம் பகலிலும் கொல்லும்.

மலையக வாசகர்களுக்கு இதை அவர்கள் அறிந்த ஒன்றைக்கொண்டு விளக்கலாம். பறித்த கொழுந்தை மடுவத்தில் நிறுத்து அன்றன்றே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார்கள். சாக்கில் அடைபட்டு இரவு முழுதும் கிடந்தால் சூடேறிச் சிவந்து பாழாகிவிடும். அதே கொழுந்து தொழிற்சாலையின் வாட்டும் தொட்டியில், காற்றோட்டத்தில், இரவைக் கழிக்கலாம், கழிக்கவும் வேண்டும். ஆகவே குற்றம் இரவில் இல்லை, வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. முழு மார்ஜினும் சொந்தப் பணமாக இருந்து, அது போனாலும் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவர், தம் கணிப்பில் நம்பிக்கையிருந்தால் ஒப்பந்தத்தை இரவு தாண்டி வைத்திருப்பதில் தவறில்லை. இரவு மார்ஜினைக் கட்ட முடியாத காரணத்தாலேயே மாலையில் முடிப்பவர், தம் சக்திக்கு மீறிய ஒப்பந்தத்தைக் காலையிலேயே வாங்கிவிட்டார் என்பதுதான் பொருள். அவருக்கு எந்த நேரம் சரியான நேரம் என்று யாராலும் சொல்ல இயலாது.

கடன் இரவைத் தாண்டினால் என்னாகும் என்பதை மலையகத்தைவிட நன்கறிந்த சமூகம் வேறில்லை. தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரும்போதே கங்காணியின் முற்பணம் தொழிலாளியின் தலையில் ஏறிற்று. அந்தக் கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கடனைத் தீர்க்க ஒப்புக்கொள்ளும் தோட்டத்துக்கே அவர் போக முடியும் என்பதால், கடனோடு ஆளும் கைமாறினார். 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்றும் தீபாவளி முற்பணம் மாதாமாதம் சம்பளத்திலிருந்து கழிகிறது. தாயின் தோடு அடகுக்கடைக்குப் போய்வருகிறது. அந்தத் தோட்டில் வந்த பணமோ, வளைகுடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய பணமோ மார்ஜினாக மாறுவதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. இலங்கையிலிருந்து வெளிநாட்டுக் கணக்குகளுக்குப் பணம் அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. "நான் அனுப்பித் தருகிறேன்" என்று முன்வரும் இடைத்தரகரிடம் கொடுத்த பணம் காணாமற்போனால் முறையிட இடமிராது. சந்தையில் தோற்குமுன்பே தோற்பது அது.

இவற்றையெல்லாம் கேட்ட பின்பும் ஈடுபடுவேன் என்பவர்களுக்கு மூன்று சொல்வேன். கடன் வாங்கிய பணமும் அடகு வைத்த பணமும் கூடாது. இரவு மார்ஜினை முழுமையாகக் கட்டக்கூடிய அளவுக்கு மேல் பகலிலும் ஓர் ஒப்பந்தம்கூட வாங்கக்கூடாது. எவ்வளவு இழந்தால் அன்றைக்குப் போதும் என்பதை வாங்குமுன்பே எழுதிவைத்து, அந்தத் தொகை வந்ததும், மணி என்ன ஆனாலும், முடித்துவிட வேண்டும்.

தரகர் குறிக்கும் நேரம் தரகரின் பணத்தைக் காப்பதற்கானது. உங்கள் பணத்தைக் காக்கும் நேரத்தை நீங்கள்தான் குறிக்க வேண்டும். அதை விடியற்காலை 2.30க்குத் தூக்கக் கலக்கத்தில் குறிக்க முடியாது.