உயரத்தை அளந்தது போதும், கையைப் பாருங்கள்!

விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிகள் பலவற்றில் கூடைப்பந்து செலக்ஷன் எப்படி நடக்கும் தெரியுமா? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைப்பார்கள். பி.டி. சார் வரிசையின் முன்னால் ஒரு நடை நடப்பார். "நீ வா... நீ வா... நீ போய் கோகோவில் சேர்ந்துக்கோ." அவ்வளவுதான், செலக்ஷன் முடிந்தது! பந்து இன்னும் சாக்குப் பையை விட்டு வெளியிலேயே வரவில்லை.

பந்தைத் தொடாமலே ஒரு பிள்ளைக்குப் பந்து வராது என்று முடிவு கட்டும் இந்த வித்தையை எங்கே படித்தார்களோ! போகட்டும். உயரமாக இருப்பதால் எடுக்கப்பட்ட பிள்ளைக்காவது பந்தைத் தட்டக் கற்றுத் தருகிறார்களா? அதுவும் இல்லை. அவனைக் கூடைக்கு அடியில் நிறுத்தி, "மேலே வர்ற பந்தைப் பிடி, போடு" என்று சொல்லிவிடுவார்கள். குள்ளமாக இருந்தும் எப்படியோ உள்ளே வந்துவிட்ட ஒருவன் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு போவான். மற்ற நாலு பேரும் அவன் வருவதற்காகக் காத்திருப்பார்கள். இதற்குப் பெயர் டீமாம்!

விருதுநகர் சந்தையில் வத்தல், மல்லி, பருப்பு என்று யாவாரம் பார்க்கும் எந்த அண்ணாச்சியும் மொத்த முதலையும் ஒரே சரக்கில் போடமாட்டார். அதே ஊர் பள்ளி டீமோ மொத்த ஆட்டத்தையும் ஒரே பையனின் வலது கையில் போடுகிறது. எதிரணி கொஞ்சம் விவரமானது என்றால் அந்த ஒருவனை இரண்டு பேர் சேர்ந்து மறிப்பார்கள். 8 வினாடிக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. மற்ற நாலு பேரில் ஒருவருக்கும் பந்தைக் கொண்டுபோகத் தெரியாது. விசில்! பந்து எதிரணிக்கு. பத்து நிமிடத்தில் ஆட்டம் கையை விட்டுப் போய்விடும். அப்புறம் வேனில் திரும்பி வரும்போது, "அவங்க டீம்ல எல்லாரும் ஹைட்டு சார்" என்று ஒரு சமாதானம்.

இல்லை மக்களே. அவர்கள் உயரம் என்பதால் மட்டும் தோற்கவில்லை, கை பழகாததால் தோற்றார்கள்.

"உயரத்தைக் கற்றுத்தர முடியாது, டிரிப்ளிங்கைக் கற்றுத்தரலாம். அதனால்தான் உயரத்தைப் பார்த்து எடுக்கிறோம்" என்பது கோச்சுகளின் வழக்கமான பதில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கற்றுத்தரலாம் என்று சொல்கிறீர்களே, பிறகு ஏன் கற்றுத்தருவதில்லை? கற்றுத்தர முடிந்த ஒன்றைக் கற்றுத்தராமல் விட்டுவிட்டு, கற்றுத்தர முடியாத ஒன்றை வைத்துப் பிள்ளையை நிராகரிப்பது எந்த ஊர் நியாயம்?

உயரம் மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. பஞ்சாபின் பல்லோகி கிராமத்துச் சத்னாம் சிங்கின் உயரம் 7 அடி 2 அங்குலம். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. அணியால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒரு என்.பி.ஏ. லீக் ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. இன்னொரு பக்கம் மக்ஸி போக்ஸ். உயரம் 5 அடி 3 அங்குலம்தான்! ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் கூட்டத்தில் காணாமல் போய்விடுவார். 1987-ல் என்.பி.ஏ.வுக்குள் நுழைந்து 14 சீசன் ஆடினார். பந்து அவர் கையில் இருந்தால் பிடுங்குவது மகா கஷ்டம்.

"அது ஏதோ லட்சத்தில் ஒருத்தர்" என்பீர்கள். சரி, ஒரு முழு அணியையே பாருங்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் பெண்கள் அணி வெள்ளிப் பதக்கம் வாங்கியது. பெரிய அணிகளோடு ஒப்பிட்டால் குள்ளமான அணி அது. அதன் பந்தை நடத்தியவர் ருயி மச்சிதா. உயரம் 162 செ.மீ. அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 18 அசிஸ்ட் கொடுத்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். ஜப்பான் 87, பிரான்ஸ் 71. பந்தோடு உள்ளே புகுவது, இரண்டு பேரைத் தன் பக்கம் இழுப்பது, காலியாக நிற்கும் தோழியிடம் கடைசி நொடியில் பந்தைத் தள்ளிவிடுவது. இதைச் செய்யக் கை பழகியிருக்க வேண்டும், கண் நிமிர்ந்திருக்க வேண்டும். 162 செ.மீ. பெண்கள் சாத்தூரிலும் சிவகாசியிலும் இல்லையா என்ன?

இந்த விளையாட்டின் சரித்திரமே இதைத்தான் சொல்கிறது. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியபோது எழுதிய 13 விதிகளில் டிரிப்ளிங் கிடையாது. பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். சுற்றி வளைக்கப்பட்டு, யாருக்கும் கொடுக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்ட ஆட்டக்காரர்கள் பந்தைத் தரையில் தட்டித் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் டிரிப்ளிங். அதாவது, வழி அடைபட்டவர்கள் கண்டுபிடித்த வழி. அதை அடைபட்டவர்களுக்கே கற்றுத்தராமல் வைத்திருக்கிறோம்!

கொஞ்சம் கணக்கும் பார்க்கலாம். ஒரு பொருள் 90 செ.மீ. உயரத்திலிருந்து தானாகத் தரையில் விழ சுமார் 0.43 வினாடி ஆகும். 30 செ.மீ. உயரத்திலிருந்து என்றால் 0.25 வினாடிதான். கையால் அழுத்தித் தட்டும்போது இரண்டுமே குறையும், ஆனால் தாழ்வாகத் தட்டுகிறவருக்கே பந்து சீக்கிரம் கைக்குத் திரும்பும். பந்து கையில் இல்லாத அந்த இடைவெளியில்தான் எதிராளி பிடுங்குவார். தரைக்குப் பக்கத்தில் கை இருப்பவருக்கு இது லாபமா நஷ்டமா, நீங்களே சொல்லுங்கள்.

"கோர்ட் இல்லை, வசதி இல்லை" என்பது அடுத்த புலம்பல். ஷூட்டிங் பழக வளையம் வேண்டும், பலகை வேண்டும். டிரிப்ளிங் பழக என்ன வேண்டும்? ஒரு பந்து, கொஞ்சம் சிமெண்ட் தரை. காலையில் பிரேயர் நடக்கும் இடம் போதும், வீட்டு மொட்டைமாடி போதும். உள்ளங்கை படாமல் விரல் நுனிகளால் தட்டவேண்டும். முழங்காலை மடித்து, இடுப்புக்குக் கீழே தட்டவேண்டும். வலது கையில் நூறு என்றால் இடது கையில் இருநூறு, ஏனென்றால் எதிராளி முதலில் மோப்பம் பிடிப்பது வராத கையைத்தான். பிறகு கால்களுக்கு இடையில் எட்டு போடுவது, முழங்காலுக்குக் கீழே கை மாற்றுவது. முக்கியமாக, பந்தைப் பார்க்கக்கூடாது. எதிரே ஒரு பிள்ளை விரல்களைக் காட்ட, தட்டுகிற பிள்ளை எண்ணிக்கையை உரக்கச் சொல்லவேண்டும். நின்ற இடத்தில் பழகியதும் நடந்துகொண்டே, அப்புறம் ஓடிக்கொண்டே, அப்புறம் வேகத்தைச் சட்டென்று குறைத்துக் கூட்டி. ஒரு நாளைக்கு இருபது நிமிடம். இதில் எங்கே வருகிறது வசதி?

பந்திலும் ஒரு அநியாயம் நடக்கிறது. பெரிய ஆண்கள் ஆடும் 7-ம் எண் பந்தின் எடை சுமார் 600 கிராம். சிறுவர்களுக்கென்றே 5-ம் எண் பந்து இருக்கிறது, அது சுமார் 500 கிராம்தான், சுற்றளவும் குறைவு. ஆனால் ஆறாம் வகுப்புச் சிறுமி கையில் 7-ம் எண் பந்தைக் கொடுத்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்குக் கை வரலை" என்கிறார்கள். கை வராமல் இல்லை சார், பந்து பெரிசு!

"எல்லாரும் டிரிப்ளிங் பண்ண ஆரம்பித்தால் டீம் கேம் போய்விடும், ஆளாளுக்குச் சீன் போடுவார்கள்" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இது நேர் தலைகீழான வாதம். ஒருவனுக்கு மட்டும் தெரியும்போதுதான் அவன் சீன் போடுகிறான். ஐந்து பேருக்கும் தெரிந்தால் யாரும் யாரையும் எதிர்பார்த்து நிற்கவேண்டாம், பந்து தானாகச் சுற்றும்.

"ஒரு பந்து விளையாட்டுக்கு இவ்வளவு கோபமா?" என்று தோன்றலாம். இது வெறும் விளையாட்டாக இருந்தால் விட்டுவிடலாம். தமிழக அரசின் குறிப்பிட்ட பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறது. ரயில்வேயும் வங்கிகளும் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு வேலை கொடுத்திருக்கின்றன. இந்திய அணியின் முன்னாள் கேப்டன் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேக்காக ஆடியவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். பட்டாசு ஆலைக்குப் போகும் ஒரு அம்மாவின் மகளுக்கு இது கப்பும் மெடலும் மட்டுமல்ல, மருந்து வாசனை இல்லாத ஒரு சம்பளம். ஆறாம் வகுப்பில் "நீ போ" என்று கை காட்டும்போது அந்தச் சம்பளத்துக்கான கதவைத்தான் சாத்துகிறார்கள். பத்து வயதில் குட்டையாக இருக்கும் பிள்ளை பதினாறு வயதில் எவ்வளவு வளரும் என்று யாருக்குத் தெரியும்?

இது கைவேலையால் பிழைக்கும் மாவட்டம். தீப்பெட்டி அடுக்கிய கை, பட்டாசுக்குத் திரி வைத்த கை, காலண்டர் மடித்த கை. பத்து விரலும் இங்கே வேலை செய்யும். வயிற்றுப்பாட்டுக்காக இத்தனை பழகிய ஊரில், விளையாட்டு மைதானத்தில் மட்டும் பிள்ளைகளின் கையை யாரும் பார்ப்பதில்லை, தலையைத்தான் அளக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள் பி.டி. சார்களே. அடுத்த ஜூன் மாதம் யாரையும் அளக்காதீர்கள். வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் மூன்று மாதம் பந்தைக் கொடுங்கள், இரண்டு கையாலும் தட்டச் சொல்லுங்கள். செலக்ஷனை செப்டம்பரில் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் உயரமான பிள்ளைதான் சிறந்தது என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பந்தையே தொடாத பிள்ளையை மட்டும் தோற்றுப்போனதாக எழுதாதீர்கள்.