நல்ல நாம்பனை லொறியில் ஏற்றிவிட்டு பட்டியில் எதை வைத்திருக்கிறோம்?

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் எமது ஊர்களில் மாட்டைப் பற்றிய பேச்சு சூடு பிடித்துவிடும். ஏற்றிச் செல்ல அனுமதி கிடைக்குமா, வழியில் மறிப்பார்களா, பங்கு என்ன விலைக்குப் போகும் என்றெல்லாம் பேசுவோம். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கிய நாளிலிருந்து இந்தப் பேச்சில் ஓர் அச்சமும் கலந்திருக்கிறது. இறைச்சி உண்பவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து கொடுக்கலாம் என்பதும் அந்த யோசனையின் ஒரு பகுதி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் பட்டிக்குள் நாமே நமது கையால் செய்துகொள்ளும் நட்டத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

எனது வாப்பாவிடம் ஏறத்தாழ முப்பது பசுக்கள் இருந்தன. பெருநாளுக்கு முன்னர் வியாபாரி வருவார். பட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, உயரமான, நெஞ்சு அகன்ற, காலில் குறையில்லாத நாம்பன்களைக் கைகாட்டுவார். வாப்பாவும் கொடுத்துவிடுவார். எவரும் கேட்காத சோனி நாம்பன் பட்டியிலேயே நிற்கும். அடுத்த வருடக் கன்றுகளுக்கு அதுதான் தகப்பன். இப்படியே பதினைந்து வருடங்கள் போயின. "முந்தின மாடு மாதிரி இப்ப இல்ல, புல்லில சத்தில்ல" என்று வாப்பா குறைப்படுவார்.

புல்லையும் குறை சொல்லத்தான் வேண்டும். வட்டமடுவிலும் மயிலத்தமடுவிலும் மேய்ச்சல் தரைக்காக நடக்கும் இழுபறியை நாம் அறிவோம். ஆனால் புல் பாதிக் கதைதான். மீதிப் பாதி காளை.

கணக்கு மிக எளியது. ஒரு பசு வருடத்துக்கு ஒரு கன்றுக்கு மேல் ஈனாது. ஒரு காளையோ இருபத்தைந்து பசுக்களைச் சினைப்படுத்தும். கன்றின் பாதி காளையிடமிருந்து வருகிறது. பட்டியில் பிறந்த நாகுகளையே பசுக்களாக வளர்த்தால், அடுத்தடுத்து மூன்று காளைகளுக்குப் பிறகு பட்டியின் இரத்தத்தில் எட்டில் ஏழு பங்கு அந்த மூன்று காளைகளுடையது. பசுவைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு காளையைக் கவனிக்காமல் விடுபவர், கதவைப் பூட்டிவிட்டுச் சுவரைத் திறந்து வைத்தவர் போன்றவர்.

மார்க்கம் கேட்பதும் நல்ல பிராணியைத்தான். உழ்ஹிய்யா மாடு இரண்டு வயது பூர்த்தியடைந்திருக்க வேண்டும். குருடு, நொண்டி, நோய், மிகுந்த மெலிவு இருக்கக் கூடாது. எமது மேய்ச்சலில் நாம்பன் காளையாகும் வயதும் ஏறத்தாழ அதுதான். பட்டிக்குப் பயன்படத் தொடங்கும் வேளையில் அது லொறியில் ஏறிவிடுகிறது. தவறு உழ்ஹிய்யாவில் இல்லை. பத்து நல்ல நாம்பன்களில் ஒன்றைக்கூட ஒதுக்கி வைக்காத எமது பழக்கத்தில்தான் இருக்கிறது.

ஷோர்ட்ஹோர்ன் தரும் பாடம்

இறைச்சி மாடுகள் பற்றிப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் பெயர் ஷோர்ட்ஹோர்ன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் சார்ள்ஸ் கொலிங், ரொபர்ட் கொலிங் என்ற சகோதரர்கள் இந்த இனத்தைச் செம்மைப்படுத்தினர். சிறந்த காளைகளை விட்டுவிடாமல் பட்டியில் வைத்துப் பயன்படுத்தியதே அவர்கள் செய்த பெரிய காரியம். 1810இல் சார்ள்ஸ் தமது பட்டியை ஏலம் விட்டபோது கொமெட் என்ற காளை 1,000 கினிக்குப் போனது. 1822இல் இந்த இனத்துக்கு வம்சாவளிப் பதிவேடும் வந்துவிட்டது.

அதே இனம் எச்சரிக்கையும் தருகிறது. 1873இல் நியூயோர்க் மாநிலத்தில் நடந்த ஏலத்தில் டச்சஸ் என்ற வம்சத்துப் பசுவொன்றை 40,600 டொலருக்கு வாங்கினார்கள். கடதாசியிலிருந்த பெயருக்குத்தான் அந்த விலை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட அந்த வம்சம் மலட்டுத்தன்மையால் தேய்ந்து போனது. ஸ்கொட்லாந்தின் அமோஸ் குரூக்ஷாங்க் என்ற விவசாயியோ உடற்கட்டையும் விரைவாகச் சதை பிடிக்கும் தன்மையையும் பார்த்துத் தெரிவு செய்தார். இன்றைய இறைச்சி ஷோர்ட்ஹோர்னில் அவருடைய மாடுகளின் இரத்தமே அதிகம்.

அப்படியானால் ஷோர்ட்ஹோர்ன் காளையைக் கொண்டுவந்து அம்பாறையில் விடலாமா? கூடாது. அது குளிர் நாட்டு மாடு. எமது வெயிலும் உண்ணியும் அதைச் சாய்த்துவிடும். எமது நாட்டு மாடுகள் சிறியவை. பெரிய இனக் காளையின் கன்றை ஈன முடியாமல் தாய்ப்பசு தவிக்கும். அமெரிக்காவின் டெக்சாஸில் கிங் ரான்ச் பண்ணையினர்கூட வெப்பம் தாங்கும் பிராமன் மாட்டுடன் ஷோர்ட்ஹோர்னைக் கலந்தே சாந்தா கெர்ட்ரூடிஸ் என்ற புதிய இனத்தை உருவாக்கினார்கள். 2017இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்த பாற்பசுக்கள் இங்கு நோயுற்றும் இறந்தும் போனதையும், வாங்கியவர்கள் கடனில் விழுந்ததையும் நாம் பார்த்தோம். இறக்குமதி செய்ய வேண்டியது மாட்டை அல்ல, தெரிவு செய்யும் பழக்கத்தை.

என்ன செய்யலாம்?

முதலாவது, வியாபாரி வருவதற்கு முன் சிறந்த நாம்பனை ஒதுக்கிவிடுங்கள். கால், குளம்பு, கண் குறையற்றதா, விதைகள் இரண்டும் பருத்து ஒரே அளவாக இருக்கின்றனவா, குணம் சாந்தமானதா என்று பாருங்கள். அதன் தாய் தவறாமல் கன்று ஈன்று, வரட்சியிலும் உடம்பு விடாமல் நின்ற பசுவா என்றும் பாருங்கள். பெருநாள் சந்தையில் இதை விற்காததால் 50,000 ரூபா இழப்பு என்றே வைத்துக்கொள்வோம். மூன்று வருடங்களில் இதற்கு 45 கன்றுகள் பிறந்தால், ஒரு கன்றுக்கு ஏறத்தாழ 1,100 ரூபாதான் செலவு. ஒரு கிலோ மாட்டிறைச்சியின் விலைகூட இல்லை.

இரண்டாவது, மற்ற நாம்பன்களை நேரகாலத்தோடு நலமடித்துவிடுங்கள். காயடித்த பிராணியை உழ்ஹிய்யா கொடுப்பது கூடும் என்பதே உலமாக்களின் பொதுவான கருத்து. ஐயமிருப்பவர்கள் தமது ஊர் மௌலவியிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். கூட்டு உழ்ஹிய்யாவுக்கு மாடு வாங்கும் பள்ளிவாசல் நிர்வாகங்கள், நலமடித்த மாட்டை விலை குறைக்காமல் வாங்கினாலே பட்டிக்காரர் மாறுவார்.

மூன்றாவது, ஒரு காளையை மூன்று வருடங்களுக்கு மேல் ஒரே பட்டியில் வைக்காதீர்கள். அதன் மகள்மார் பருவத்துக்கு வருமுன் அடுத்த ஊர்ப் பட்டியோடு மாற்றிக்கொள்ளுங்கள். பத்துப் பசு வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு காளையை வைத்திருக்கலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் கால்நடை வைத்தியரைக் கொண்டு புரூசெல்லோசிஸ் பரிசோதனை செய்வது கட்டாயம். கன்று கலையச் செய்யும் அந்த நோய் மனிதருக்கும் தொற்றும்.

செயற்கை முறைச் சினைப்படுத்தல் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். வீட்டில் கட்டி வளர்க்கும் பசுவுக்கு அது சரி. காட்டில் மேயும் பட்டியில் எந்தப் பசு எப்போது பருவத்துக்கு வருகிறது என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? அங்கு காளைதான் வழி.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்து இறந்தன. அதன்பின் பட்டியை விற்றுவிட்டு மத்திய கிழக்குக்குப் போன இளைஞர்களை நான் அறிவேன். எனது வாப்பாவின் பட்டியும் இன்று இல்லை. அறுக்கும் உரிமைக்காகக் குரல் கொடுப்போம்; அது அவசியம். ஆனால் அறுக்க எமது மாடு இருக்க வேண்டுமானால், வரும் பெருநாளுக்கு லொறி வந்து நிற்கும்போது ஒரு நாம்பனின் கயிற்றையாவது கையிலிருந்து விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.