பிழையோடு தொடங்கும் மொழி

நுழையும்முன்

ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளோடு வாழ்வது நம் நாட்டில் புதியதன்று. ஆயினும், புதிய மொழியொன்றைக் கற்கத் தொடங்கும்போது, சொல் தெரிந்திருந்தும் நா எழாத தயக்கம் பலருக்கும் ஏற்படுகிறது. அத்தயக்கம் எங்கிருந்து வருகிறது? அதைப் போக்கும் பொறுப்பு யாருடையது? சென்னை வடபழனியின் மொழி வாழ்வை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

பல மொழி வழங்கும் தெரு

மாலை நேரத்தில் வடபழனி முருகன் கோவிலை ஒட்டிய தெருவில் நின்று சற்றே செவிகொடுத்துக் கேளுங்கள். பூக்கடையில் தமிழ் ஒலிக்கும். வழிபாட்டுக்கு வந்த குடும்பமொன்றில் தெலுங்கு ஒலிக்கும். கட்டுமானப் பணி முடித்துத் திரும்பும் இளைஞர்களிடையே இந்தியும் வங்காளமும் ஒடியாவும் ஒலிக்கும். தேநீர்க் கடையில் அவர்கள் காசு கொடுக்கும்போது, ‘அண்ணா, ரெண்டு டீ’ என்னும் தமிழும் எழும்.

இக்காட்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. பல மொழி பேசும் மக்கள் புகார் நகரில் கலந்து இனிது வாழ்ந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பிற நிலத்துச் சொற்கள் தமிழில் வந்து வழங்குவதை அறிந்த தொல்காப்பியர், அவற்றைத் ‘திசைச்சொல்’ எனப் பெயரிட்டுச் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்தார்.

வடபழனிக்கும் அத்தகைய வரலாறு ஒன்று உண்டு. 1948இல் ஏவி. மெய்யப்பன் தம் படப்பிடிப்புக் கூடத்தைக் காரைக்குடியிலிருந்து சென்னைக்கு மாற்றினார். ஆற்காடு சாலையில் அமைந்த ஏவி.எம். நிலையமும், அதன் அருகே வளர்ந்த விஜயா வாகினி நிலையமும் தமிழோடு தெலுங்கு, இந்தி முதலிய பிற மொழிப் படங்களையும் உருவாக்கின. காலையில் ஒரு மொழியில் நடித்த காட்சியையே மாலையில் வேறொரு மொழியில் நடிக்கும் தொழில் இங்கே வழக்கமாயிற்று. புதிய மொழியைக் கற்பது அம்மனிதர்களுக்குப் பொழுதுபோக்கன்று; பிழைப்பு. அவர்களுள் இருவரின் கற்றல் நமக்குப் பாடமாகும்.

மருத்துவமனையில் கற்ற வங்காளம்

என் தலைமுறையினர் பலர் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது ‘அம்புலிமாமா’ இதழில்தான். நாகிரெட்டியும் சக்கரபாணியும் இணைந்து 1947 ஜூலையில் அவ்விதழைத் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கினர். பல பத்தாண்டுகள் வடபழனியிலிருந்து வெளிவந்த அவ்விதழ், பின்னர்ப் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் விரிந்தது. படம் ஒன்றே, அதன் கீழ் அமைந்த மொழிதான் வேறு. வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்லும் விக்கிரமனைத் தமிழ்ச் சிறுவனும் கன்னடச் சிறுமியும் ஒரே ஓவியத்தில் கண்டனர்.

இதழை நிறுவியவர்களுள் ஒருவரான சக்கரபாணி ஆந்திரத்தைச் சேர்ந்தவர். இளமையில் காசநோயால் தாக்குண்டு, மதனப்பள்ளி மருத்துவமனையில் நெடுநாள் தங்க நேர்ந்தது. காசநோய்க்கு இன்றுள்ள மருந்துகள் கண்டறியப்படாத காலம் அது. அங்கே உடன் தங்கியிருந்த வங்காள நோயாளி ஒருவரிடம் அவர் வங்காள மொழியைக் கற்றார். முறையான வகுப்பில்லை, தேர்வில்லை, நோய்ப்படுக்கையே பள்ளியாயிற்று. பின்னர், சரத் சந்திரரின் புதினங்களை அவர் தெலுங்கில் பெயர்த்தார்.

அம்மொழியறிவு அத்துடன் நிற்கவில்லை. வங்காள நாடகம் ஒன்றின் கதையைத் தழுவி, 1955இல் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’, தமிழில் ‘மிஸ்ஸியம்மா’ ஆகிய படங்களை நாகிரெட்டியும் சக்கரபாணியும் ஒரே காலத்தில் உருவாக்கினர். நாயகர் வேறாயினும் இரண்டிலும் நாயகி சாவித்திரியே. நோயாளி ஒருவர் படுக்கையில் கற்ற மொழி, இரு மொழி மக்களை மகிழ்விக்கும் கதையாக மலர்ந்தது. பிறமொழி கற்றால் தாய்மொழிப் பற்றுக் குறைந்துவிடும் என அஞ்சுவோர் உளர். சக்கரபாணி கற்ற வங்காளத்தால் தெலுங்கு எதையும் இழக்கவில்லை, பெற்றுக்கொண்டது.

ழகரம் கற்ற குரல்

அடுத்தவர் பி. சுசீலா. 1935இல் விஜயநகரத்தில் பிறந்த அவருடைய தாய்மொழி தெலுங்கு. 1950களின் தொடக்கத்தில் அவர் சென்னையில் பாடத் தொடங்கினார். அவருடைய குரலில் ஈடுபாடு கொண்ட மெய்யப்பன் மாத ஊதியத்தில் அவரை அமர்த்திக்கொண்டார். அத்துடன், தமிழ் உச்சரிப்பைப் பயிற்றுவிக்க ஆசிரியர் ஒருவரையும் ஏற்பாடு செய்தார்.

தெலுங்கரொருவர்க்குத் தமிழ்ப் பாட்டு எளிதன்று. இன்றைய தெலுங்கு வழக்கில் ழகரத்துக்கு ஒலியும் இல்லை, எழுத்தும் இல்லை. பாடலைத் தம் எழுத்தில் எழுதிக்கொண்டாலும் ‘மழை’ என்பதைக் குறிக்க வழியில்லை. அவ்வொலி செவிவழி வந்து, நாவில் பலமுறை தவறி, பின்னரே நிலைக்க வேண்டும். அவ்வாறு கற்ற குரலையே, தமிழ் உச்சரிப்புக்கு எடுத்துக்காட்டாக இன்று நாம் கூறுகிறோம். 1968ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில், சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் அவரே. அவ்விருதைப் பெற்றுத் தந்தது ஏவி.எம். தயாரித்த ‘உயர்ந்த மனிதன்’ படத்தின் தமிழ்ப் பாடல்.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். சுசீலாவுக்குக் கிடைத்தது வெறும் வாய்ப்பன்று. திருத்துவதற்கென ஓர் ஆசிரியரும் உடன் கிடைத்தார்.

தெரியுமா?
1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும்படமாகக் கருதப்படுகிறது. அதில் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்த சிலர் தெலுங்கில் பேசினர்.

எது கடினம்?

புதிய மொழியில் முதலில் தடுப்பது ஒலி. தமிழில் ககரம் ஒன்றே. ஆனால் கடல், சங்கு, அகம் ஆகிய மூன்று சொற்களில் அது மூன்று வகையாக ஒலிக்கிறது. நாம் எண்ணாமலே இதைச் செய்கிறோம். புதிதாகக் கற்பவரோ ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டும். நமக்கும் இடர்ப்பாடு உண்டு. இந்தியில் உணவைக் குறிக்கும் சொல்லையும் பாட்டைக் குறிக்கும் சொல்லையும் நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘கானா’ என்றே அமையும். அவர்களுக்கு அவை முற்றிலும் வேறான ஒலிகள்.

அடுத்தது அமைப்பு. தமிழில் வினை தொடரின் இறுதியில் நிற்கும். தெலுங்கிலும் இந்தியிலும் பெரும்பாலும் அவ்வாறே. ஆங்கிலத்திலோ வினை செயப்படுபொருளுக்கு முன்னே வந்துவிடும். இந்தியில் புத்தகம் பெண்பால், வீடு ஆண்பால். உயிரற்றவற்றை அஃறிணையில் அடக்கிப் பழகிய நமக்கு இது வியப்பைத் தரும். பேச்சுக்கு ஒரு வடிவம், எழுத்துக்கு ஒரு வடிவம் எனத் தமிழ் இருப்பது, தமிழ் கற்க வருவோர்க்கு அதே அளவு வியப்பைத் தரும்.

இவ்விடர்களைக் கடக்கத் துணைநிற்பது தாய்மொழியே. தமிழை ஆழ்ந்து கற்றவர்க்குக் கன்னடம் தொலைவிலுள்ள மொழியன்று. பால் அங்கே ‘ஹாலு’, புலி ‘ஹுலி’, பத்து ‘ஹத்து’, பூ ‘ஹூவு’. நம் பகரம் அங்கே ஹகரமாகும் நெறியை உணர்ந்தால், சொற்கள் பல தாமே வந்து சேரும். ‘இல்லம்’ என்னும் சொல்லை அறிந்தவர் தெலுங்கின் ‘இல்லு’ என்பதை வீடு எனப் பொருள் கொள்ள அகராதி வேண்டா. ஆனால் விழிப்பும் வேண்டும். நாம் கூறும் ‘வீடு’ என்னும் ஒலிக்குத் தெலுங்கில் ‘இவன்’ என்று பொருள்!

வயதும் தடையன்று. சிறுவர்க்கு ஒலிப்பு எளிதில் படியும் என்பது உண்மை. இலக்கண நெறியை எடுத்துக்கூறியவுடன் பிடித்துக்கொள்ளும் ஆற்றல் வளர்ந்தோர்க்கு உண்டு என்பதும் உண்மை. இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர், முப்பது வயதளவில் தமிழகம் வந்த பின்னரே தமிழ் கற்றார். சதுரகராதியையும் தேம்பாவணியையும் தந்தார்.

அவ்வாறாயின் ஒலியும் அமைப்பும் வயதும் கடக்கக் கூடியவையே. கடக்க இயலாமல் நம்மை நிறுத்துவது எது? அதை நான் நூல்களில் அறியவில்லை. என் வகுப்பறையில் அறிந்தேன்.

வகுப்பறையில் எழுந்த சிரிப்பு

சில ஆண்டுகளுக்கு முன், பீகாரிலிருந்து கட்டுமானப் பணிக்காக வந்த குடும்பத்தின் மகள் ஒருத்தி என் எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். ஒருநாள் உரைநடைப் பகுதியைப் படிக்கச் சொன்னேன். ‘மழை பெய்தது’ என்பதை அவள் ‘மலை பெய்தது’ என்று படித்தாள். வகுப்பு முழுதும் சிரித்தது. அச்சிரிப்பை அடக்க வேண்டிய நானும், என்னை அறியாமல் புன்னகைத்துவிட்டேன். அவள் அதைக் கண்டாள்.

அதன்பின் பல வாரங்கள் அவள் குரலை நான் கேட்கவில்லை. எல்லாரும் சேர்ந்து செய்யுள் ஒப்பிக்கையில் அவள் உதடுகள் மட்டும் அசையும். வருகைப் பதிவின்போதும் கையை மட்டுமே உயர்த்துவாள்.

ஒருநாள் அவளிடம் பேசியபோது, வீட்டில் போஜ்புரியும் முன்பு பயின்ற பள்ளியில் இந்தியும் பேசியவள் அவள் என அறிந்தேன். ஆங்கிலமும் சிறிது அறிந்திருந்தாள். தமிழ் அவளுக்கு நான்காம் மொழி. எங்கள் வகுப்பில் மிகுதியான மொழிகளை அறிந்திருந்தவள் அவளே. ‘மொழி தெரியாதவள்’ என்று பெயர் பெற்றிருந்தவளும் அவளே. அன்று எனக்கு ஏற்பட்ட நாணம் இன்றும் நீங்கவில்லை.

மறுநாள் வகுப்பில், அவளுடைய மொழியிலிருந்து சில சொற்களை எனக்குக் கற்பிக்குமாறு வேண்டினேன். உணவைக் குறிக்கும் சொல்லை நான் ஒலித்தபோது அது பாட்டாகிவிட்டது. வகுப்பு சிரித்தது, இம்முறை என்னைப் பார்த்து. அவள் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா” என்றாள். நான்காம் முறைதான் அது ஓரளவு சரியாக வந்தது. அடுத்த வாரம் அவள் மீண்டும் வாய்விட்டுப் படித்தாள். ழகரம் வரவில்லை, ஆனால் குரல் வந்தது. ஆண்டு முடிவதற்குள் பணி முடிந்து அக்குடும்பம் வேறூர் சென்றுவிட்டது. ழகரம் பின்னர் அவள் நாவில் நிலைத்ததா என்பதை நான் அறியேன்.

திருத்தம் வேறு, நகைப்பு வேறு

‘தமிழாசிரியரே பிழையைப் பொறுத்துக்கொள்ளலாமா?’ என்று சிலர் வினவக்கூடும். பிழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதன்று என் கருத்து. பிழையைத் திருத்த வேண்டும்; பிழைத்தவரை நகைக்கலாகாது. திருத்தம் கற்பவரை அடுத்த சொல்லுக்கு அழைத்துச் செல்லும். நகைப்பு அவரை முதல் சொல்லிலேயே நிறுத்திவிடும். திருத்துவோர் அருகிருந்ததால் ஒரு குரல் தமிழின் பெருமையாயிற்று. நகைப்போர் சூழ்ந்ததால் அவ்வாறு அடங்கிப்போன குரல்கள் எத்தனையோ!

மாணவர்களே, இது பிறர்க்குச் செய்யும் உதவி மட்டுமன்று. இன்னும் இரண்டு ஆண்டுகளில் உங்களுள் பலர் கல்லூரி வகுப்பில் ஆங்கிலத்தில் வினாக் கேட்க எழுவீர்கள். சிலர் வேலைக்காகப் பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ செல்வீர்கள். அப்போது புதிய மொழியின் வாயிலில் தயங்கி நிற்பவர் நீங்களாக இருப்பீர்கள். விடை அறிந்திருந்தும், சொல் தவறிவிடுமோ என்னும் அச்சத்தால் எழாமல் அமர்ந்துவிட்ட மாணவர் பலரை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் குறைவாக இருந்தது அறிவன்று. தவறு செய்யும் துணிவு. பிறர் பிழையைக் கண்டு நகைத்துப் பழகியவர்க்குத் தம் பிழையைப் பற்றிய அச்சமும் மிகுதியாகவே இருக்கும்.

தாய்மொழியில் நம்மை யாரும் தேர்வு வைத்துச் சேர்க்கவில்லை. மழலையில் நாம் குழறிய ஒவ்வொரு சொல்லையும் வீட்டார் மகிழ்ந்து ஏற்று, மெல்லத் திருத்தினர். அதனால் பேசக் கற்றோம். அந்த வரவேற்பைப் புதிய மொழி கற்க முயலும் எவருக்கும், நமக்கும் சேர்த்து, நாம் வழங்கலாம். நாளை உங்கள் வகுப்பில் ஒருவர் ‘மழை’யை ‘மலை’ என்று படிப்பாராயின், சிரிப்பு எழும் முன்னரே, “இன்னொரு தடவை சொல்” என்று கூறுங்கள். கூறிவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் வழங்கும் மொழிகளைப் பட்டியலிட்டு, அம்மொழி பேசுவோர் ஒருவரிடம் ஐந்து சொற்களைக் கேட்டறிந்து எழுதுக.
2. தமிழுக்கும் பிற திராவிட மொழி ஒன்றுக்கும் பொதுவான பத்துச் சொற்களைத் திரட்டி, அவற்றின் ஒலி மாற்றங்களை வகுப்பில் விளக்குக.
3. ‘திருத்தம் வேறு, நகைப்பு வேறு’ என்னும் கருத்தை உங்கள் பட்டறிவு ஒன்றைக்கொண்டு விவரிக்க.