பாய் விரித்தால் பாவமா?

"பெண்களுக்கு உடற்பயிற்சியா? மார்க்கத்திற்கு ஆகுமா?" என வினவும் சகோதரர்களே! சிவகாசி வட்டாரத்தில் நம் பெண்கள் நாள் முழுதும் தரையில் குனிந்தமர்ந்து தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுக் குழாய் சுருட்டியும் இடுப்பொடிந்தபோது இவ்வினா ஏன் எழவில்லை?

பயணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. நம் ஊரில் அதை யார் சொல்லிக்கொடுக்கிறோம்? மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

பைலேட்ஸ், முதல் உலகப்போரின்போது தடுப்புமுகாமில் அடைபட்டிருந்த ஜோசப் பைலேட்ஸ் என்ற ஜெர்மானியர் வளர்த்தெடுத்த பயிற்சி. மூச்சை ஒழுங்குபடுத்தி வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளை வலுவாக்குவது. இதற்குக் கதவடைத்த அறையும் ஒரு பாயும் போதும். ஹயாவுக்கு என்ன பங்கம்?

தசைகளை வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளேனும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்விரண்டு நாளும் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?