தலையில் புள்ளி குத்தலாமா?

ஆடி மாதக் கடைசியில் சிவகாசியிலிருந்து ஒரு அம்மா தன் மகனை அழைத்து வந்தார். பையனுக்கு 27 வயது. ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். உச்சந்தலையில் முடி இளைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் தோல் பளிச்சென்று தெரிந்தது.

"டாக்டர், ஆவணி பிறந்ததும் பொண்ணு பார்க்கப் போறோம். சென்னையில ஊசியால தலையில புள்ளி குத்தி, முடி அடர்த்தியா இருக்கிற மாதிரி ஆக்கிடுறாங்களாமே! அதுல தற்காலிகம்னு ஒண்ணு, நிரந்தரம்னு ஒண்ணு இருக்காம். எதைச் செய்யலாம்?"

இதைப் போய் சித்த வைத்தியரிடம் கேட்கலாமா என்று நினைக்காதீர்கள். இப்போது என்னிடம் பலரும் கேட்கிற கேள்விதான் இது.

இதன் பெயர் ஸ்கால்ப் மைக்ரோ பிக்மென்டேஷன். நம் பாட்டிமார் கையில் குத்திக்கொண்ட பச்சையின் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனிடம் கேட்டேன்: "தம்பி, உங்க பிரஸ்ல அடிக்கிற காலண்டர் படத்தை லென்ஸ் வெச்சுப் பார்த்தா என்ன தெரியும்?"

"புள்ளி புள்ளியாத் தெரியும் டாக்டர்."

"தலையிலயும் அதேதான். தூரத்தில் பார்த்தா முடி, கிட்டத்தில் பார்த்தா புள்ளி. ஒரு முடிகூட இதனால முளைக்காது."

நிரந்தரம் ஏன் வேண்டாம்?

நம் மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை உதிர்ந்து புதுசாகிறது. மேல்தோலில் மட்டும் சாயம் வைத்தால் அதோடு சேர்ந்து போய்விடும். ஆகவே, தங்க வேண்டிய சாயத்தை அதற்கடுத்த தோலில் வைக்கிறார்கள். நிரந்தர வகையில் சாயத்துகளை உடல் எளிதில் கரைக்க முடியாது. ஆனாலும் வருடங்கள் போகப் போக அதுவும் மங்கும்; சிலருக்கு நீலம் பாய்ந்து நிற்கும்.

என் ஆட்சேபணை வேறு. 27 வயதுத் தலை 47 வயதில் இப்படியே இருக்காது. நெற்றி ஏறும், பக்கத்து முடி நரைக்கும். புள்ளி மட்டும் அதே இடத்தில் கறுப்பாக இருக்கும்! நம்மூர் ஆட்கள் இருக்கன்குடி மாரியம்மனுக்கும் பழனிக்கும் முடி காணிக்கை கொடுக்கிறவர்கள். அப்பா, அம்மா காலமானால் மகன்கள் மொட்டை போடுகிற குடும்பங்களும் உண்டு. அன்றைக்கு முடி போய்விடும், புள்ளி போகாது. எடுக்க வேண்டுமென்றால் லேசர் சிகிச்சைக்குப் பல தடவை அலைய வேண்டும்.

எனவே இளம் வயதில், வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று தெரியாத நிலையில், நிரந்தரம் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. "ப்ரூஃப் பார்க்காம பிளேட் போடுவீங்களா?" என்று பையனிடம் கேட்டேன். சிரித்துவிட்டான்.

தற்காலிகம் என்றால் சரியா?

ஓரளவுக்குச் சரி. மாதக் கணக்கிலோ ஒன்றிரண்டு வருடத்திலோ மங்கிவிடும் என்பது கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு ஊசி போகும் ஆழத்தையும், சாயத்தின் தன்மையையும், நம் வெயிலையும் பொறுத்தது. ஆழமாகக் குத்திவிட்டால் 'தற்காலிகம்' என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். அரையும் குறையுமாக மங்கித் திட்டுத் திட்டாக நிற்பதும் உண்டு.

சாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோலுக்குள் செலுத்துவதற்கென்று எந்தச் சாயத்துக்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தரவில்லை. ஐரோப்பாவில் 2022 ஜனவரி முதல் பச்சை குத்தும் மைகளில் ஏராளமான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. நாமும் "என்ன சாயம்?" என்று கேட்க வேண்டாமா?

முதலில் காரணம்!

நம் பக்கத்தில் முடி கொட்டினால் உப்புத் தண்ணீரின் மேலும் பட்டாசு மருந்துத் தூளின் மேலும் பழி போடுவார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், வழுக்கை ஆக்காது. ஆண்களுக்குப் பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும்தான் காரணம். பெண்களுக்கு ரத்தசோகை, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிரசவம், டைபாய்டு, டெங்கு முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டும் முடி பெரும்பாலும் தானே திரும்பி வரும். புழுவெட்டிலும் பலருக்கு முளைக்கும். அங்கெல்லாம் அவசரப்பட்டுப் புள்ளி குத்துவது வீண் செலவு.

எங்கள் தரப்புக் குறையையும் சொல்லிவிடுகிறேன். கரிசலாங்கண்ணித் தைலம் நல்லதுதான். ஆனால் வேர் செத்த இடத்தில் எந்தத் தைலமும் முடி முளைக்க வைக்காது. மருந்துகள் எதைக் குணமாக்குவதாகச் சொல்லக் கூடாது என்று 1945ஆம் ஆண்டு விதிகளில் ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் வழுக்கையும் உண்டு! 'நாற்பதே நாளில் முடி' என்று எங்கள் ஆட்கள் விற்றாலும் நம்பாதீர்கள்.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு

• தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். சொரியாசிஸ், தழும்பு தடித்து வளரும் உடம்பு, தலையில் புண் இருந்தால் வேண்டாம்.

• உங்கள் கண் முன்னால் புது ஊசியைப் பிரிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் காமாலைக் கிருமி ஊசி வழியாக வரும்.

• சாயத்தின் பெயரை எழுதி வாங்கி வையுங்கள். பின்னால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் அதைச் சொல்ல வேண்டும்.

• புண் ஆறும் வரை வெயில், வியர்வை, தூசி கூடாது. பட்டாசு ஆலையில் மருந்து கலக்குபவர்கள் லீவு போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

• அதன் பிறகு ஓராண்டுக்கு ரத்த தானம் செய்ய முடியாது.

கடைசியாக அந்த அம்மாவிடம் ஒன்று சொன்னேன். "எதைச் செஞ்சாலும் பொண்ணு வீட்ல சொல்லிட்டுச் செய்ங்க."

"சொன்னா வேண்டாம்னுடுவாங்களே டாக்டர்!"

"இப்ப வேண்டாம்னா ஒரு நாள் வருத்தம். கல்யாணத்துக்கப்புறம் தெரிஞ்சா அந்தப் பொண்ணு வேற எதைத்தாம்மா நம்பும்?"

ஐப்பசியில் பத்திரிகை வைக்க வந்தார்கள். பையன் தலையில் புள்ளி இல்லை. "சொல்லிட்டோம் டாக்டர். பொண்ணோட அப்பாவுக்கு முழு வழுக்கை. அவர்தான் முதல்ல சிரிச்சார்" என்றார் அம்மா.